காய்தலும் உவத்தலும்: சிறுகதை மாந்தர் கண்ட உலகம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது இன்னொன்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது மூன்றாவது. எழுத்தறியாத மூதாட்டியும் இடமறிந்து எடுத்தாளும் இம்மூன்று பழமொழிகளும் ஓர் உண்மையையே மூன்று திசைகளிலிருந்து சுட்டுகின்றன. மனிதன் கண்ணால் மட்டும் காண்பதில்லை. அச்சத்தாலும் காண்கிறான், வெறுப்பாலும் காண்கிறான், தன்னவர், பிறர் என்னும் வேற்றுமையாலும் காண்கிறான். கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே மனம் நிற்கிறது. அம்மனம் கோணினால் பொருளும் கோணியே தோன்றும்.

இக்கோணலைத் தமிழ் மரபு 'காய்தல் உவத்தல்' என்னும் இணைச்சொல்லால் குறித்தது. காய்தல் வெறுப்பு, உவத்தல் விருப்பு. இவ்விரண்டையும் நீக்கிவிட்டுப் பொருளை ஆராய்தலே அறிவுடைமை என்பது ஆன்றோர் கருத்து. வள்ளுவரும் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும் மெய்யுணர்தலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது மனிதன் பிறர்க்குச் செய்யும் நீதியைப் பற்றியது. பின்னது அவன் காணும் காட்சியைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி உண்டு. கோணிய காட்சி கோணிய செயலாக மாறும் நேரம் அது. சிறுகதை என்னும் இலக்கிய வடிவம் தனக்கெனத் தேர்ந்துகொண்ட இடமும் அதுவே. நாவல் ஒரு வாழ்க்கையைச் சொல்லலாம். காவியம் ஒரு குலத்தையே சொல்லலாம். சிறுகதையோ, ஒருவன் தவறாகக் கண்ட ஒரு கணத்தைச் சொல்லி அமைந்துவிடுகிறது.

திரிந்த பார்வை இடம்பெறாத சிறுகதைகள் குறைவு. ஆயினும் அத்திரிபு யாருடையது என்னும் வினாவைத் திறனாய்வாளர் பலரும் எழுப்புவதில்லை. அது கதைமாந்தருடையதா, கதையாசிரியருடையதா? மாந்தருடையதாயின் அது கலை. ஆசிரியருடையதாயின் அது குறை. இவ்வோர் உரைகல்லைக் கையிற்கொண்டு தமிழின் சிறந்த கதைகள் சிலவற்றையும், பின்னர் இந்நாட்டுக் கதையுலகையும் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சம் காட்டிய உருவம்

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943-இல் வெளிவந்தது. அகலிகையின் பழைய கதை முடியும் இடத்தில் அது தொடங்குகிறது. இராமனின் திருவடித்தூள் பட்டுக் கல் பெண்ணாகிவிட்டது, கோதமனும் புற்றினின்று வெளிப்பட்டுவிட்டான், சாபம் நீங்கிற்று. இனி இன்பமாக வாழ்ந்தனர் என்று முடித்துவிடக் காவியத்தால் இயலும். புதுமைப்பித்தனோ, அந்த 'இனி' எவ்வாறு கழிந்தது என்று வினவுகிறார்.

அகலிகை மீண்டும் வாழத் தொடங்குகிறாள். ஆயினும் எதிர்ப்படும் ஆண்கள் எல்லாரும் அவளுக்கு இந்திரராகவே தோன்றுகின்றனர். கோதமன் இயல்பாகச் சொல்லும் சொல்லிலும் உட்பொருள் ஏதேனும் ஒளிந்திருக்குமோ என்று அவள் உள்ளம் பதைக்கிறது. அவள் பேச நினைக்கும் ஒவ்வொரு சொல்லும் மனத்துக்குள் பலமுறை உருண்ட பின்னரே வெளிப்படுகிறது. சாபம் உடலை விட்டு அகன்றது. பார்வையை விட்டு அகலவில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அகலிகையின் அச்சம் வெறுங்கற்பனையன்று. கணவன் உருவில் இந்திரன் ஒருமுறை வந்தது மெய். மெய்யாக நிகழ்ந்த அந்த ஒன்றே, இனி நிகழப்போகும் அனைத்தையும் அளக்கும் கோலாகிவிடுகிறது. திரிந்த பார்வை பெரும்பாலும் பொய்யிலிருந்து பிறப்பதில்லை. ஓர் உண்மை தன் எல்லையைக் கடந்து வளரும்போதே பிறக்கிறது. ஆதலின் அதனை வாதத்தால் வெல்ல முடிவதில்லை. 'அஞ்சாதே' என்று அகலிகையிடம் சொல்பவனுக்கு அவளிடம் விடை ஆயத்தமாக உள்ளது: 'அன்றும் அஞ்சவில்லையே!'

இராமன் கேட்டதனால் சீதை தீயில் இறங்கிய செய்தியைச் சீதையின் வாயாலேயே அகலிகை அறிகிறாள். தன்னைக் குற்றமற்றவள் என ஏற்ற அந்த ஒருவனே தன் மனைவியிடம் சான்று கேட்டிருக்கிறான். அதன்பின் அன்போடு அணுகும் கோதமனின் உருவிலும் அவள் இந்திரனையே காண்கிறாள், மீண்டும் கல்லாகிறாள். அவள் கண்டது திரிபா, உலகின் மெய்யான முகமா? ஆசிரியர் தீர்ப்பு வழங்கவில்லை. கோதமனைப் பொறுத்தவரை அது திரிபு. சீதைக்கு நேர்ந்ததைப் பொறுத்தவரை அது தெளிவு. ஒரே பார்வை ஒருவனுக்கு அநீதியும் உலகத்துக்கு நீதியுமாக அமைவதைச் சில பக்கங்களில் காட்டியது புதுமைப்பித்தனின் வெற்றி.

ஆசை எழுதிய நிமித்தம்

அச்சம் பேயைக் காட்டுமெனின், ஆசை தெய்வத்தைக் காட்டும். கு. ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' இதற்குச் சான்று. கணவன் ஆபத்தான நிலையில் இருக்கிறான் என்று சென்னையிலிருந்து தந்தி வருகிறது. மனைவியும் அவளுடைய தம்பியும் இரவு ரயிலில் புறப்படுகின்றனர். கதையின் பெரும்பகுதி அந்த ஓர் இரவுப் பயணமே.

வெளியே நிகழ்வது மிகக் குறைவு. ரயில் ஓடுகிறது, நிலையங்கள் வருகின்றன, போகின்றன. உள்ளேயோ ஒரு பெரிய ஆராய்ச்சி நடக்கிறது. தந்தியின் சொற்கள், புறப்பட்ட நேரம், வழியில் கண்டவை, அருகிருப்போர் பேச்சு என ஒவ்வொன்றும் நல்லதற்கா, தீயதற்கா என்று எடைபோடப்படுகிறது. இருவரும் ஒருவர் அறியாமல் ஒருவர் முகத்தைப் படிக்கின்றனர். ஒருவர்க்கு ஒருவர் துணிவு சொல்கின்றனர். சொல்பவர் நம்பாததைக் கேட்பவர் நம்ப விழைகிறார். அவர்கள் கூட்டிய கணக்கு எதுவும் சென்னையில் நிகழ்ந்துவிட்டதை ஓர் இம்மியும் மாற்றவில்லை.

இந்தத் திரிபைக் குற்றம் என்று யார் சொல்வர்? அஃது அவ்விரவைக் கடப்பதற்கு மனம் தானே முடைந்துகொண்ட ஓலைக்குடை. கு. ப. ரா. அக்குடையை எள்ளி நகையாடவில்லை. அதைப் பிடுங்கவும் இல்லை. பொழுது விடியும்வரை அவர்களோடு வாசகனையும் அதன் அடியில் நிறுத்தி வைக்கிறார். தலைப்பில் நிற்கும் வினாவுக்கு விடிவே விடையாகும்போது, அந்த இரவின் நம்பிக்கைகள் எவ்வளவு மெலிந்தவை என்பதும், எவ்வளவு இன்றியமையாதவை என்பதும் ஒருங்கே புலனாகின்றன. மாந்தரின் மயக்கத்தை மதிக்கத் தெரிந்த கதையாசிரியர்க்கே இது கைகூடும்.

அழுக்காறு அறியாமையன்று

அறியாமையால் பார்வை கோணுகிறது. அறிவு வந்தால் நிமிர்ந்துவிடும் என்பது பலரின் எண்ணம். தி. ஜானகிராமனின் 'பாயசம்' இவ்வெண்ணத்தை அசைத்துவிடுகிறது.

முதியவர் சாமநாதுவுக்கு அண்ணன் மகன் சுப்பராயன்மீது தீராத எரிச்சல். சுப்பராயன் உழைத்து உயர்ந்தவர்; குடும்பம் தழைத்திருக்கிறது; ஊர் மதிக்கிறது; சித்தப்பாவிடம் மரியாதைக்கும் குறைவில்லை. சாமநாதுவோ மனைவியை இழந்தவர். வீட்டில் மகள் கைம்பெண்ணாக நிற்கிறாள். சுப்பராயன் இல்லத் திருமணத்தன்று, எல்லாரும் மணப்பந்தலில் இருக்கும் வேளையில், சமையற்கட்டில் பெரிய பாத்திரம் நிறைய இருந்த பாயசத்தைச் சாமநாது கவிழ்த்துவிடுகிறார். அதில் எலி விழுந்துவிட்டது என்று கூசாமல் சொல்கிறார்.

சுப்பராயனைப் பற்றி அறியாதது எதுவும் சாமநாதுவிடம் இல்லை. அவருடைய உழைப்பும் தெரியும், ஈகையும் தெரியும். அறியும் ஒவ்வொரு நன்மையும் நெருப்பில் வார்த்த நெய்யாகிறது. இறந்துபோன மனைவி வாலாம்பாள் அவருடைய மனத்துக்குள் நின்று அவரோடு வாதிடுகிறாள். அக்குரல் வேறெவர் குரலுமன்று. அவர் தம் உள்ளத்தில் இன்னும் கோணாமல் எஞ்சியிருக்கும் பகுதியின் குரல். காமாலைக் கண்ணன் மஞ்சளைக் காண்கிறான் என்பது மட்டுமன்று; தன் கண்ணில் காமாலை இருப்பதையும் அவன் அறிவான் என்பதே ஜானகிராமன் கண்ட நுட்பம். எலி என்னும் பொய் ஊருக்காகச் சொன்னது. மகளின் பார்வை அவர்மீது விழும்போது, ஊரை ஏமாற்றியவர்க்கு அந்த ஒரு பார்வையைத் தாங்க முடியவில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் அக்குத்தாகவா 1922-இல் எழுதிய 'தோப்புக்குள்' என்னும் கதை இங்கே ஒப்பிடத்தக்கது. அகிரா குரோசவா 1950-இல் எடுத்த 'ராஷோமோன்' என்னும் திரைப்படத்தின் வாயிலாக அது உலகெங்கும் அறியப்பட்டது. ஒரு கொலையைப் பற்றிப் பலர் வாக்குமூலம் தருகின்றனர், ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இறந்தவனின் ஆவி வந்து சொல்லும் செய்தியும் பிறவற்றோடு முரண்படுகிறது. இறந்த பின்னரும் மனிதன் தன் மதிப்பைக் காத்துக்கொள்ளும் வகையிலேயே பேசுகிறான். அக்குத்தாகவாவின் மாந்தர் உலகத்தின்முன் தம்மைக் காத்துக்கொள்கின்றனர். சாமநாதுவுக்கோ தம்மிடமிருந்தே தம்மைக் காத்துக்கொள்ள வழியில்லை.

அன்பின் ஓரவஞ்சனை

வெறுப்பு பார்வையைக் கெடுக்கும் என்பதை எவரும் ஒப்புவர். அன்பும் கெடுக்கும் என்பதை ஏற்பது கடினம். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' இக்கடினமான பாடத்தைக் குழந்தைகளைக் கொண்டு நடத்துகிறது.

கதை தன்மையிடத்தில் சொல்லப்படுகிறது. சொல்பவர் நல்லவர், புத்தகப் பிரியர், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குத் தோழர். அவர்கள் உரிமையோடு அவர் அறையில் நுழைகின்றனர், புத்தகங்களை அள்ளுகின்றனர், சண்டையிடுகின்றனர். எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகவே நேசிப்பதாக அவர் நம்புகிறார், படிப்பவரும் நம்புகிறார். இரு குழந்தைகளுக்கு மட்டும் அவர் டைரி கொண்டுவந்து அன்பளிப்பாகத் தருகிறார். சாரங்கன் என்னும் சிறுவன் அருகே இருக்கிறான். பின்னர் அவன் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே தானே ஒரு டைரியை எடுத்துவந்து நீட்டி, அதில் தன் பெயருக்கு அன்பளிப்பு என எழுதித் தரும்படி கேட்கிறான்.

அந்தக் கணத்தில் கதை முழுவதும் பின்னோக்கி வெளிச்சம் பெறுகிறது. சாரங்கன் இதற்குமுன் நின்ற இடங்கள், கேட்ட கேள்விகள், பேசாமல் இருந்த பொழுதுகள் அனைத்தும் வாசகனின் கண்முன்னே இருந்தவைதாம். ஆயினும் அவன் காணவில்லை. கதை சொல்பவரின் அன்பு எங்கெங்கே திரும்பிற்றோ அங்கங்கே மட்டுமே வாசகனின் கண்ணும் திரும்பிற்று. பிறனொருவனின் திரிபைச் சொல்லத் தொடங்கிய கதை வாசகனின் திரிபைக் காட்டி முடிகிறது. தமிழில் இவ்வளவு ஓசையின்றி வாசகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கதை அரிது.

அழகிரிசாமி இந்நாட்டுக்கு அயலவர் அல்லர். 1950-களில் சில ஆண்டுகள் கோலாலம்பூரில் தங்கித் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர்; இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கியம் பேசியவர். 'அன்பளிப்பு' தொகுதிக்கு 1970-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். அவர் கற்பித்த அடக்கம் இந்நாட்டுக் கதைகளில் எவ்வளவு வேர்விட்டது என்னும் வினா பின்னர் எழுப்பப்படும்.

அயலான் என்னும் முகமூடி

தனி மனிதனின் அச்சமும் ஆசையும் அவனோடு முடிந்துவிடும். ஓர் இனம் இன்னோர் இனத்தைப் பார்க்கும் பார்வை கோணினால் அது தலைமுறைகளுக்கு நீளும். இதற்கு இந்தியச் சிறுகதையில் முதன்மையான சான்று இரவீந்திரநாத் தாகூர் 1892-இல் எழுதிய 'காபூலிவாலா'.

கல்கத்தா வீதியில் உலர்ந்த பழங்கள் விற்கும் ஆப்கானியன் ரகமத்துக்கும் மினி என்னும் சிறுமிக்கும் நட்பு மலர்கிறது. மினியின் தாய்க்கோ ஐயம்: காபூல்காரன் குழந்தையைத் தூக்கிச் சென்றுவிட்டால்? தந்தை அவ்வையத்தைப் பார்த்துப் புன்னகை புரிகிறார்; தாம் ஐயமற்றவர் என்று எண்ணிக்கொள்கிறார். ஆண்டுகள் கழிந்தபின், மினியின் திருமண நாளில், சிறையினின்று விடுபட்ட ரகமத் வாயிலில் வந்து நிற்கிறான். இன்று பார்க்க இயலாது என்று அவனைத் திருப்பியனுப்ப முனைபவர் அதே தந்தைதான். அழுக்கேறிய ஒரு தாளில் பதிந்த சிறு கையின் சுவட்டை ரகமத் மார்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறான். தன் மகளின் கை. அப்போதுதான் எதிரே நிற்பவன் காபூல்காரன் அல்லன், தம்மைப் போல் ஒரு தந்தை என்று அவர் உணர்கிறார். தாயின் ஐயம் வெளிப்படையானது. தந்தையின் ஐயம் பண்பாட்டின் போர்வைக்குள் இருந்தது. பின்னதைக் கண்டுகொள்வதே கடினம்.

பினாங்கில் வாழும் தமிழ் வாசகனுக்கு இக்கதை கல்கத்தாவில் நிகழ்வதாகத் தோன்றாது. ஜார்ஜ்டவுனில் ஒரு வீதியும் அதன் பக்கங்களுமாக, சில நிமிட நடைக்குள், புனித ஜார்ஜ் தேவாலயமும், சீனர்களின் குவான் யின் கோயிலும், மகாமாரியம்மன் ஆலயமும், 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நிற்கின்றன. அப்பள்ளிவாசலின் பெயரே பார்வையின் வரலாறு ஒன்றைத் தாங்கியிருக்கிறது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரினின்று வந்ததாகக் கருதப்படும் 'கிளிங்' என்னும் சொல் ஒரு காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த பொதுப்பெயர். அம்மக்களின் தலைவராகிய காதர் முகைதீனுக்குக் 'கப்பித்தான் கிளிங்' என்பது பட்டப்பெயர். அதே சொல் பின்னாளில் வசைச் சொல்லாகத் திரிந்தது; இன்று தமிழர் காதில் அது முள்ளாகத் தைக்கிறது. கல்லில் பொறித்த இடத்தில் பெருமையாகவும், வாயில் வழங்கும் இடத்தில் இழிவாகவும் ஒரே சொல் நிற்கிறது. எழுத்து மாறவில்லை, பார்த்த கண்கள் மாறின.

அயலான் என்னும் முகமூடியைத் தன் இனத்தாருக்கே பூட்டுவதும் உண்டு. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) சிறுகதையன்று, நாவல். எனினும் பினாங்கின் வட்டிக்கடை உலகை உள்ளிருந்து காட்டுவதால் இங்கு நினைக்கத்தக்கது. போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்பிய செல்லையாவுக்கு மகள் மரகதத்தைக் கொடுக்க முதலாளி வானாயீனா மறுக்கிறார். துப்பாக்கி ஏந்திய கை இனிப் பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதாது என்பது அவர் முடிவு. செல்லையாவின் நேர்மையும் திறமையும் அவர் அறியாதவை அல்ல. தொழில் ஒழுக்கத்தின் கண்ணாடி வழியே பார்க்கும் அவருக்கு, பழகிய இளைஞனும் அயலான் ஆகிவிடுகிறான். சிங்காரம் அவரைக் கொடியவராக்கவில்லை. ஆகவேதான் அம்மறுப்பு மனத்தை விட்டு அகல்வதில்லை.

வாசகர் கண்ணும் கோணும்

கதைமாந்தரை விட்டு வாசகரிடம் வந்தால் தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரு பேரொலி கேட்கிறது. 1966-இல் 'ஆனந்த விகட'னில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' வெளிவந்தது. மழைநாளில் அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி கெடுக்கப்பட்டுத் திரும்புகிறாள். முதலில் பதறி அடித்த தாய், பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூய்மையானவள் என்று தேற்றி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். ஒரு தாய் தன் மகளை எப்படிக் காண்பது என்று தானே முடிவு செய்துகொண்ட கதை அது.

வாசகருலகம் கொதித்தது. அந்தத் தாய் செய்தது தகுமா என்னும் வாதம் நெடுநாள் தொடர்ந்தது. ஜெயகாந்தன் அவ்வாதத்துக்கு விடையாக இன்னொரு நூலையே எழுதினார். 1970-இல் நூலான 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே நிகழ்ச்சி நடக்கிறது. ஆனால் தாய் ஊரறியக் கதறிவிடுகிறாள். மகள் கங்கா வீட்டை விட்டு விலக்கப்படுகிறாள். அவள் வாழ்க்கை வேறொரு திசையில் நகர்கிறது. நிகழ்ச்சி ஒன்று, பார்வை இரண்டு, வாழ்க்கையும் இரண்டு. பார்வை என்பது நிகழ்ந்ததன்மேல் பூசும் வண்ணம் மட்டுமன்று, இனி நிகழப்போவதன் விதை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. கதையின் தாயைக் குறைகூறிய வாசகர் கேட்டது நாவலின் தாயைத்தான். கேட்டதைக் கொடுத்து, அதன் விலையையும் ஜெயகாந்தன் காட்டினார்.

இந்நாட்டுக் கதைகளும் உரைகல்லும்

இனி அந்த உரைகல்லை இந்நாட்டுக் கதைகள்மீது உரசிப் பார்ப்பது கடமையாகிறது. மலாயாவில் தமிழ்ச் சிறுகதை எழுதுவோரைப் பயிற்றுவிக்க 1950-ஆம் ஆண்டளவில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேச'னில் 'கதை வகுப்பு' நடத்தினர். 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன அவ்விதழும், பிற இதழ்களும், எழுத்தாளர் சங்கப் போட்டிகளும் தலைமுறை தலைமுறையாகக் கதைஞர்களை உருவாக்கின. பால்மரக் காட்டின் துயரத்தை இம்மண்ணிலேயே நின்று சொன்ன பெருமை அவர்களுக்கு உண்டு. அப்பெருமையை எவரும் மறுக்க இயலாது.

எனினும் அக்கதைகள் பலவற்றில் சில முகங்கள் மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. கங்காணி என்றால் கொடியவர். கிராணியார் என்றால் காமுகர். தோட்டத்துத் தந்தை என்றால் கள்ளுக்கடை. தாய் என்றால் கண்ணீர். சீனர் என்றால் கடைக்கணக்கு. மலாய்க்காரர் என்றால் புன்னகைக்கும் அண்டைவீட்டார் அல்லது அலுவலகத்து இடையூறு. இவ்வாறான மனிதர் இருந்ததில்லை என்பதன்று வாதம், இருந்தனர். ஆனால் அகலிகையின் கண்ணுக்கு ஒவ்வோர் ஆணும் இந்திரனாகத் தோன்றியது போல, கதையாசிரியரின் கண்ணுக்கு ஒவ்வொரு கங்காணியும் ஒரே கங்காணியாகத் தோன்றும்போது, திரிபு மாந்தரை விட்டு ஆசிரியரிடம் குடியேறிவிடுகிறது. அகலிகையின் திரிபைப் புதுமைப்பித்தன் கண்டார்; இங்கே ஆசிரியரின் திரிபைக் காண ஆளில்லை. துயரப்பட்ட இனத்தின் பார்வைக்கு அதன் துயரமே உரிமை தருகிறது என்று சிலர் கூறலாம். துயரம் பேசுவதற்கு உரிமை தரும். தவறாகக் காண்பதற்கு விலக்குத் தராது.

தோட்டத் தொழிலாளி ஒருவர் கங்காணியைப் பேயாகக் காணட்டும். அது மாந்தரின் பார்வை. அக்கங்காணியும் மாலையில் வீடு திரும்பித் துரையின் முன் தாம் கூனி நின்றதை நினைத்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்ததை எழுத வேண்டுவதில்லை, அறிந்திருந்தாலே போதும். எழுதும் வரி தானே மாறும்.

இக்குறை எழுத்தாளர்களால் மட்டும் நேர்ந்ததன்று. வகுப்பறைக்கும் இதில் பங்குண்டு. கதைமாந்தரின் பண்புநலன்களைப் பட்டியலிடுக என்னும் வினா மாணவர்க்கு நெடுங்காலமாகப் பழகிப்போன ஒன்று. அன்புடையவர், பொறாமை கொண்டவர், தன்னலம் மிக்கவர் என்று மூன்று குறிப்புகளும், மூன்றுக்கும் சான்றும் எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். சாமநாதுவைப் 'பொறாமை கொண்டவர்' என்று எழுதும் மாணவன் தவறாக எழுதவில்லை. ஆயினும் வாலாம்பாளின் குரலும் அவருடையதே என்பதை எழுத அந்த விடைத்தாளில் இடமில்லை. மனிதரை ஒரு சொல்லில் அடக்கும் பயிற்சியைப் பதினொரு ஆண்டுகள் பெற்றவன், பின்னர்த் தெருவில் எதிர்ப்படும் மனிதரையும் ஒரு சொல்லில் அடக்கினால், அதற்கு அவனை மட்டும் குறைகூறுவது முறையாகுமா?

பட்டியலை நீக்க வேண்டுவதில்லை. அதனோடு இன்னொரு வினாவைச் சேர்த்தால் போதும். இந்த மாந்தர் எதைக் காணவில்லை? ஏன் காணவில்லை? இவ்விரு வினாக்களும் மாணவனைத் தீர்ப்பளிக்கும் இருக்கையினின்று எழுப்பி, தேடும் இடத்தில் நிறுத்தும். சாரங்கனைக் கதைசொல்பவர் காணவில்லை என்று எழுதத் தொடங்குபவன், நாலாவது வரியில், தானும் காணவில்லை என்பதை உணர்வான். அவ்வுணர்வுக்கு மதிப்பெண் இடுவது கடினம். ஆயினும் இலக்கியக் கல்வி தரக்கூடிய பயன்களுள் தலையாயது அதுவே.

முடிவுரை

சிறுகதையால் காய்தலையும் உவத்தலையும் உலகினின்று ஒழிக்க இயலாது. அச்சமின்றி அகலிகை இல்லை. ஆசையின்றி அந்த ரயில் பயணம் இல்லை. அன்பின் ஓரவஞ்சனையின்றிச் சாரங்கனின் டைரி இல்லை. திரிபு மனித இயல்பு. அதனைக் கண்டுகொள்ளும் ஆற்றலும் மனித இயல்பே. நல்ல கதை வாசகனிடம், 'நீ நேர்மையாகக் காண்பவன்' என்று சொல்லிப் புகழ்வதில்லை. முதலில் மாந்தரின் கண்ணாடியை அவன் மூக்கில் பொருத்துகிறது. அவன் அதை மறந்துவிட்ட வேளையில் மெல்லக் கழற்றிக் கையில் கொடுக்கிறது.

பல இனத்தார் ஒரே நடைபாதையில் தோள் உரசி நடக்கும் ஒரு நகரில் அக்கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் அழகுணர்ச்சிக்கு மட்டும் உரியதன்று. அன்றாட வாழ்க்கைக்கும் உரியது. காபூல்காரன் மார்பிலிருந்து எடுத்துக் காட்டிய தாளைப் போன்ற ஒரு தாள் வாயிலில் வந்து நிற்கும் ஒவ்வொருவர் மார்பிலும் இருக்கக்கூடும். அவர் அதை எடுத்துக் காட்டும்வரை காத்திராமல், இருக்கும் என்று முன்னரே எண்ணத் தெரிந்தவனையே கதை படித்தவன் என்று சொல்லுதல் தகும்.